இடது கால் மணி

இருபத்தாறு வருடமாக
உட்கார்ந்தே ஊர் சுற்றியவள் நான்.
வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
வடக்குக் கடைசியில் ஒரு குவளைத் தேநீர்,
தெற்குக் கடைசியில் ஒரு கழிப்பறை;
இரண்டுக்கும் நடுவே என் ஆயுள்.

"கொஞ்சம் அசையுங்கள்" என்றார் டாக்டர்,
ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி.
தினமும் நூற்றிருபது கிலோமீட்டர் அசைகிறேனே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னொரு தாளை எடுத்தார்.

ஆகவே, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி.
ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
தரையெங்கும் சிவப்பும் மஞ்சளுமாய்க் கோடுகள்,
பையன்கள் விட்டுப்போன வியர்வை வாடை.
மகளின் பழைய பனியன் போட்டிருக்கிறேன்.
அதன் மார்பிலிருந்த ஆந்தை
என் மேல் அகலமாகி
திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டுவிப்பவன் கயெத்தான். இருபத்து நாலு வயது.
அவன் இடுப்பில் எலும்பே இல்லை.
"வலது! இடது! சுற்று!" என்று கத்துகிறான்.
சுற்றா?
நான் எங்கே திரும்ப வேண்டும் என்பதை
நான் பிறக்குமுன்பே
இரும்பில் போட்டு வைத்துவிட்டார்கள்.
ஸ்டீயரிங் இல்லாத வண்டி அது.
வளைவு வந்தால் தானே வளையும்;
நான் மணியடிப்பேன், அவ்வளவுதான்.

மணிக்கான பொத்தான் இடது காலடியில்.
பாட்டு தொடங்கியதும்
எல்லோரும் கைகளை உயர்த்த
என் இடது கால் மட்டும்
யாருக்கும் கேட்காத மணியை மிதிக்கிறது.
விலகுங்கள், விலகுங்கள், விலகுங்கள்.
யாரும் விலகவில்லை.
போகுமிலா மீது போய் மோதினேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையாம் அவளுக்கு.
இடைவேளையில்
என் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே ஒரு மச்சம் உண்டு.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து
ஊரே பார்த்திருக்கும்;
நான்தான் பார்த்ததில்லை.
"போன ஜனவரி" என்றாள்,
"பனியில் ஓடி வந்தேன். கதவைக்கூடத் தட்டினேன்.
முகத்துக்கு நேரே மூடிக்கொண்டு போனது
நீங்கள்தானே?"

நேர அட்டவணை என்று சொல்லியிருக்கலாம்.
இரண்டு நிமிடம் தாமதித்தால்
காரணம் எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.
"நான்தான்" என்றேன்.
"பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பச்சைத் தொப்பி."
தண்ணீர் பாட்டிலை மெதுவாக மூடினாள்.
"நீலம்" என்றாள்.

அப்படியானால் பச்சைத் தொப்பி யார்?

மறுபடி பாட்டு. ஏதோ கியூபத் தாளம்.
பக்கவாட்டில் நாலடி, பிறகு ஒரு துள்ளல்.
எல்லோரும் துள்ளியபோது
நாங்கள் இருவரும் மூன்றாம் அடியில் இருந்தோம்.
வேகம் கூட்டினோம். கைகளை வீசினோம்.
மூச்சிரைக்க அதன் பின்னால் ஓடினோம்.
தாளம் எங்களுக்காக நிற்கவில்லை,
கதவை மூடிக்கொண்டு போயே போய்விட்டது.
போகுமிலா என் பக்கம் திரும்பினாள்.
"எப்படி இருக்கிறது?"

சிரித்ததில் விலா பிடித்துக்கொண்டது.
ஐம்பத்து மூன்று வயதில்
சிரிப்போடு வேறொன்றும் கொஞ்சம் கசியும்;
கசிந்தது.
அவளுக்கும்தான் என்று அப்புறம் சொன்னாள்.

புதன், விடிகாலை நாலரை.
டிராமின் மூன்று படிகள்
ராத்திரியோடு ராத்திரியாக முப்பதாகியிருந்தன.
தொடைகள் இரண்டும்
யாரிடமோ இரவல் வாங்கியவை.
சாய்வாக மழை. வைப்பரை ஓடவிட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவதில் என் இடுப்பு
இருக்கையிலேயே ஒரு வெட்டு வெட்டியது.
சரியான இடத்தில்!
கயெத்தான் பார்த்திருக்க வேண்டும்.

காலி வண்டி. காலித் தெரு.
தண்டவாளத்தில் ஒரு புறாகூட இல்லை.
இடது கால் மிதித்தது.
கணீரென்றது.
இன்னொரு தரமும் மிதித்தேன்.